பிள்ளைகளுக்கு வரும் பெருங்குடல் புற்றுநோய்: கீமோ தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு வயது பதின்மூன்று. எட்டாம் வகுப்புப் படிக்கிறான். சென்ற ஆடி மாதத்தில் வயிற்றுவலி என்று தொடங்கியது. இடையிடையே மலத்தில் ரத்தம் தெரிந்தது. மூலம் என்றும், சூடு என்றும், பூச்சி என்றும் சொல்லி மருந்து கொடுத்தார்கள். எடை ஆறு கிலோ குறைந்து, ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே வந்த பிறகு ஸ்கேன் எடுத்தோம். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் குடல் தடித்திருக்கிறது, அருகில் நெறிகட்டிகள் இருக்கின்றன, எனவே குடல் காசநோயாக இருக்கலாம் என்று சொல்லி இரண்டரை மாதம் அதற்கான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் இரவு வாந்தி நிற்காமல், வயிறு உப்பி, அவசர அறுவை நடந்தது. வலப்பக்கப் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் "முத்திரை மோதிர உயிரணுக்கள் கொண்ட அடினோகார்சினோமா" என்றும், அதாவது சுரப்பி உயிரணுக்களில் தொடங்கும் புற்று என்றும், எடுத்த பதினேழு நிணநீர் முடிச்சுகளில் பதினொன்றில் நோய் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. ஈரலிலும் நுரையீரலிலும் இப்போது ஒன்றும் இல்லை என்கிறார்கள். பெரியவர்களுக்கு வரும் நோய் இவனுக்கு எப்படி வந்தது, இதற்கு மருத்துவம் பார்த்துப் பழகியவர் யார், குழந்தைகள் பிரிவுக்குப் போவதா பெரியவர்களின் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பழைய வார்டு எழுதியது:

ஐயா, நான் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் மகனைப் பரிசோதிக்காமல் அவனுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நோயைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தவற்றைச் சொல்ல முடியும்.

இருபது வயதுக்கு உட்பட்டவர்களில் இந்நோய் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மட்டுமே வருகிறது. பிள்ளைகளின் குடலில் வரும் புற்றுகளில் லிம்போமா என்னும் நிணநீர் மண்டலப் புற்றுதான் மிகுதி. அதிலும் பர்க்கிட் லிம்போமா. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்குக் குடலுக்குள் குடல் செருகிக்கொண்டால் முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும். அந்நோய் கீமோவிலேயே பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குக் குணமாகிறது. குடலை நீளமாக வெட்ட வேண்டியதில்லை. குடல்வால் அறுவைக்குப் பிறகு தற்செயலாகத் தெரியவரும் சிறிய நியூரோஎண்டோகிரைன் கட்டியும், அதாவது ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்களில் வரும் கட்டியும், வேறு நோய். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குடல்வாலை எடுத்ததோடு அது முடிந்துவிடும். "குடல் கட்டி" என்று தேடி இங்கே வந்து அஞ்சும் பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு இவற்றில் எது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் மகனுக்கு வந்திருப்பது இவ்விரண்டும் அல்ல. பெரியவர்களின் பெருங்குடல் புற்றில் முத்திரை மோதிர வகை நூற்றில் ஒன்று அளவுக்கே காணப்படுகிறது. பிள்ளைகளிடம் அதுவும் சளி மிகுந்த வகையும் மிக அதிகம். உயிரணுவுக்குள் சளி நிறைந்து, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுவதால் பார்ப்பதற்குக் கல் பதித்த மோதிரம் போலத் தோன்றும். இவ்வகை குடலின் உட்பரப்பில் கட்டியாகத் துருத்தாமல், அடியில் பரவிச் சுவரைத் தடிக்கச் செய்யும். ஈரலைவிட வயிற்றறைச் சவ்வுக்குப் போகும் போக்கு அதற்கு அதிகம். பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக்கு அருகிலுள்ள சினைப்பைகளுக்கும் போகும். இதனால்தான் பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம், நான்காம் நிலையில், அதாவது நோய் நிணநீர் முடிச்சுகளுக்கோ தொலைவிலுள்ள உறுப்புகளுக்கோ பரவிய பிறகு, வந்து சேர்கிறார்கள். அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2010-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு பெரியவர்களுக்கு ஏறத்தாழ 60 விழுக்காடாகவும் பிள்ளைகளுக்கு 40 விழுக்காடாகவும் இருந்தது. இந்த எண்ணை உங்களிடம் மறைப்பது முறையல்ல என்பதால் எழுதுகிறேன். எல்லா நிலைகளையும் சேர்த்துச் சொன்ன எண் அது. உங்கள் மகன் ஒருவனைப் பற்றிச் சொன்னதன்று.

காசநோய் மருந்தைப் பற்றி ஒன்று. நம் நாட்டில் அந்த இடத்தில் குடல் தடித்து நெறிகட்டியும் இருந்தால் காசநோயை நினைப்பது இயல்பு. ஆனால் காசநோயாக இருந்தால் இரண்டு மாத மருந்தில் குடல் புண் ஆறத் தொடங்கியிருக்க வேண்டும். ஆறவில்லையென்றால் மருந்தை நீட்டிக்காமல் மறுபடியும் கொலனோஸ்கோப்பி (கேமரா குழாயால் பெருங்குடலுக்குள் பார்ப்பது) செய்து ஆழமாகச் சதை எடுக்க வேண்டும். இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்காகவே சொல்கிறேன்; நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

மெழுகுக்கட்டி எழுதியது:

நான் நோய்க்குறியியல் துறையைச் சேர்ந்தவள். ஐயாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: கீமோ எங்கே என்று முடிவு செய்வதற்கு முன், அறுவை நடந்த இடத்திலிருந்து எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளையும், அதாவது பிளாக்குகளையும், ஸ்லைடுகளையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டின் நகல் போதாது. உங்கள் மகனின் நோயைப் பற்றி இனி யார் என்ன கண்டுபிடிக்க வேண்டுமானாலும் அந்த மெழுகுக் கட்டிகளிலிருந்துதான் கண்டுபிடிக்க முடியும். அவசர அறுவையில் எடுக்கப்பட்ட குடல் பெரும்பாலும் பொதுவான ஆய்வகத்துக்குப் போகும். குழந்தைகளின் புற்றைப் பார்த்துப் பழகிய ஒருவர் அதை மறுபடி பார்ப்பது வீண் செலவு ஆகாது.

பதினேழு முடிச்சுகள் பார்த்திருப்பது நல்லது. குறைந்தது பன்னிரண்டாவது பார்க்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஆனால் நீங்கள் எழுதியதில் இல்லாத ஒன்றைத்தான் நான் தேடுகிறேன். எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்னும் நான்கு புரதங்களுக்கான சாயப் பரிசோதனை செய்தார்களா? உயிரணு பிரியும்போது மரபணுவில் ஏற்படும் எழுத்துப்பிழைகளைத் திருத்துபவை இந்த நான்கும். இவற்றில் ஒன்று இல்லாமல் போனால் புற்றின் தன்மை மாறுகிறது, மருந்து மாறுகிறது, வீட்டிலுள்ள மற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதும் மாறுகிறது. குடல் புற்று வந்த பிள்ளை எவருக்கும் இப்பரிசோதனை செய்யாமல் மருத்துவத் திட்டம் போடுவது எனக்கு ஏற்புடையதன்று. செலவும் பெரிதன்று, பல நகரங்களில் செய்கிறார்கள்.

வைகைக்கரை எழுதியது:

அம்மா, ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன். நீங்கள் சொன்ன நான்கு பெயர்களும் அதில் இல்லை. நாளைக் காலையே போய் எழுதிக் கொடுக்கிறேன்.

பழைய வார்டு ஐயாவிடம் இரண்டு கேள்விகள். ஒரு மருந்தை ஊசியாகப் போட்ட அத்தனை பேருக்கும் அறுவையே இல்லாமல் குடல் புற்று மறைந்துவிட்டது என்று 2022-இல் செய்தித்தாள்களில் வந்ததை உறவினர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். நிலத்தை விற்றாவது அதை வாங்கிவிடலாம் என்று என் அண்ணன் சொல்கிறார். வயிற்றைத் திறந்து சூடான கீமோவை ஊற்றிக் கழுவும் முறை இருக்கிறது, அதைச் செய்தால் நோய் திரும்பாது என்று இன்னொருவர் சொல்கிறார். எங்களுக்கு எதையும் விட்டுவிட மனமில்லை.

பழைய வார்டு எழுதியது:

அந்தச் செய்தி உண்மைதான். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தைப் பெற்ற முதல் பன்னிரண்டு பேருக்கும் கட்டி முற்றிலும் மறைந்தது. ஆனால் அவர்கள் அனைவரும் பெரியவர்கள். அனைவருக்கும் நோய் மலக்குடலில் இருந்தது. அனைவரின் புற்றிலும் மேலே அம்மையார் சொன்ன திருத்தும் புரதங்களில் குறைபாடு இருந்தது. அந்தக் குறைபாடு இருந்ததால்தான் மருந்து வேலை செய்தது. புற்றின் மரபணுவில் பிழைகள் மலை போலக் குவியும்போது அது உடலின் காவல் அணுக்களின் கண்ணுக்கு அந்நியமாகத் தெரிகிறது. காவல் அணுக்களுக்குப் புற்று போட்டிருக்கும் கடிவாளத்தை இந்த மருந்துகள் அவிழ்த்துவிடுகின்றன. பிழைகள் குறைவாக உள்ள புற்றில் கடிவாளத்தை அவிழ்த்தாலும் பயன் மிகச் சிறிதே. இதே குடும்பத்தைச் சேர்ந்த பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2017-இல் அனுமதி கொடுத்தபோது, எந்த உறுப்பின் புற்று என்று பாராமல், இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தே, பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆகவே நிலத்தைப் பற்றி யோசிக்கும் முன் சாயப் பரிசோதனையின் முடிவு வரட்டும். இதை உங்கள் அண்ணனிடம் நீங்களே நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

சூடான கீமோவைப் பற்றிப் பிரான்ஸில் 265 பெரியவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. வயிற்றறைச் சவ்வில் பரவிய புற்றை அறுவையால் முழுமையாக அகற்றியவர்களில், ஆக்சாலிபிளாட்டினைச் சூடேற்றி ஊற்றியவர்களும் ஊற்றாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காலம் வாழ்ந்தார்கள். ஊற்றியவர்களுக்குப் பின்விளைவுகள் கூடுதலாக இருந்தன. உங்கள் மகனுக்கு அந்தச் சவ்வில் நோய் காணப்படவில்லை என்னும்போது, அவனுடைய உடல் தாங்க வேண்டிய சுமையில் இதையும் சேர்ப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

மூன்றாம் நிலை நோய்க்குப் பெரும்பாலோர் கொடுப்பது ஃபோல்ஃபாக்ஸ். ஆக்சாலிபிளாட்டின், லுகோவோரின், 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும் 5-ஃப்ளூரோயுராசில் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் பன்னிரண்டு சுற்றுகள். 2004-இல் வெளியான மொசாயிக் ஆய்வுக்குப் பிறகு பெரியவர்களுக்கு இது நிலைபெற்றது. பிள்ளைகளுக்கு நாம் அதைக் கடன் வாங்குகிறோம். பிள்ளைகளை மட்டும் இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு எந்த நாட்டிலும் எண்ணிக்கை சேர்வதில்லை. 2008-இல் ஐரோப்பிய நாடுகள் அரிய குழந்தைப் புற்றுகளுக்கென்றே ஒரு கூட்டுக் குழு அமைத்ததற்குக் காரணமும் இந்தப் பற்றாக்குறைதான். பெரியவர்களில் ஆபத்துக் குறைந்தவர்களுக்கு மூன்று மாதம் போதும் என்று 2018-இல் தெரியவந்தது. பதினொரு முடிச்சுகளில் நோய் உள்ள பிள்ளைக்கு அந்தச் சுருக்கம் பொருந்தாது.

தாமிரபரணி எழுதியது:

சகோதரரே, என் மகளுக்குப் பதினொரு வயதில் இந்நோய் வந்தது. முதலில் சென்ற ஓர் ஆய்வகத்தில் நான்கு சாயங்களும் செய்தார்கள். பிஎம்எஸ்2 மட்டும் "சாயம் சரியாகப் பிடிக்கவில்லை, மறுபடி செய்ய வேண்டும்" என்று எழுதினார்கள். மறுபடி செய்தும் அதே. மூன்றாவதாக வேறு ஊரில் ஒரு மூத்த மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, சாயம் பிடிக்காதது பிழையன்று, அவள் உடலின் எந்த உயிரணுவிலும் அந்தப் புரதமே இல்லை என்றார். அதற்குப் பிறகே அவள் முதுகிலும் இடுப்பிலும் பிறந்ததிலிருந்து இருக்கும் காப்பி நிறத் திட்டுகளைப் பார்த்து, நானும் என் கணவரும் உறவா என்று கேட்டார்கள். அவர் என் தாய்மாமன் மகன்.

எங்கள் இருவரிடமும் அந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதாக இருந்திருக்கிறது. அவளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பழுது வந்துவிட்டது. உறவில் மணம் செய்ததற்காக வீட்டில் யாரும் யாரையும் பழிக்க வேண்டாம் என்று முதலில் சொன்னவர் என் மாமியார்தான். உங்கள் வீட்டிலும் உறவு மணமாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மெழுகுக்கட்டி எழுதியது:

தாமிரபரணி அம்மாவின் அனுபவத்தை என் மாணவர்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பொதுவாக, புற்றின் உயிரணுவில் சாயம் இல்லை, பக்கத்திலுள்ள இயல்பான உயிரணுவில் இருக்கிறது என்றால்தான் பரிசோதனை சரி என்று பழக்கப்படுத்தியிருக்கிறோம். பக்கத்து உயிரணுவிலும் இல்லையென்றால் சாயத்தைக் குறை சொல்வோம். பிறவியிலேயே இரண்டு பிரதியும் பழுதான பிள்ளையிடம் அந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றிவிடும். வேறொருவரின் சதையை அதே ஸ்லைடில் வைத்து, அதில் சாயம் பிடிக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. உலகில் மிக அரிது என்று புத்தகம் சொல்லும் நோய் நம் மேசைக்கு வரும் வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுதல். காப்பி நிறத் திட்டுகளைப் பார்த்து நியூரோஃபைப்ரோமடோசிஸ் (இதே திட்டுகளைத் தரும் வேறொரு மரபணு நோய்) என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவதும் நடக்கிறது.

ஸ்கார்பரோ வாசகி எழுதியது:

நான் டொராண்டோவில் செவிலியராக இருக்கிறேன். தாமிரபரணி அக்கா சொன்ன பிறவிக் குறைபாட்டுக்கான உலகக் கூட்டமைப்பு இங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையிலிருந்துதான் நடக்கிறது. அக்குறைபாட்டோடு மூளைக்கட்டி திரும்ப வந்த உடன்பிறப்புகள் இருவருக்கு, மேலே சொன்ன ஊசிகளின் குடும்பத்தைச் சேர்ந்த நிவோலுமாப் கொடுத்துக் கட்டி சுருங்கியதை 2016-இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு இவ்வகை மருந்து வேலை செய்யும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வலுப்பெற்றது. இக்குறைபாடு உள்ள பிள்ளைக்குக் குடலில் மட்டுமன்றி மூளையிலும் ரத்தத்திலும் புற்று வரக்கூடும் என்பதால், சிறு வயதிலிருந்தே மூளைக்கு எம்ஆர்ஐயும், ஆறு வயதளவிலிருந்து ஆண்டுதோறும் கொலனோஸ்கோப்பியும் செய்கிறார்கள். உடன்பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அக்கா, உங்கள் இளைய பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்துவிட்டீர்களா?

தாமிரபரணி எழுதியது:

செய்துவிட்டோம், தங்கையே. மகனுக்கு ஒரு பிரதிதான் பழுது. எனக்கும் என் கணவருக்கும் லிஞ்ச் நோய்க்குறி என்ற பெயரில் கண்காணிப்பு நடக்கிறது; ஒரு பிரதி பழுதானவர்களுக்கும் புற்று வரும் வாய்ப்பு கூடுதலாம்.

மாலை ஓ.பி. எழுதியது:

நான் குடல் அறுவை மருத்துவன். பழைய வார்டு ஐயாவிடம் மதிப்புடன் மாறுபடுகிறேன். இந்த மருந்துகளை ஆண்டு முழுவதும் கையாள்பவர்கள் பெரியவர்களின் குடல் புற்றுப் பிரிவினரே. அவர்கள் ஒரு வாரத்தில் கொடுக்கும் ஃபோல்ஃபாக்ஸ் சுற்றுகளைக் குழந்தைகள் பிரிவினர் பணிக்காலம் முழுவதிலும் கொடுத்திருக்க மாட்டார்கள். மலக்குடலில் கட்டி உள்ள பிள்ளையென்றால், அதைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையோடு கட்டியை முழுமையாக எடுக்கும் அறுவையை அடிக்கடி செய்பவரிடம்தான் அப்பிள்ளை போக வேண்டும். பதின்மூன்று வயதுப் பையனைக் குழந்தைகள் வார்டில் சேர்ப்பதால் அவனுக்கு என்ன கூடுதல் நன்மை?

பழைய வார்டு எழுதியது:

அறுவையைப் பற்றிச் சொன்னதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே பிள்ளையின் வயதைவிட அறுவை செய்பவரின் கைப்பழக்கமே முக்கியம். மருந்தைப் பொறுத்தவரை, வளரும் உடலுக்கு அளவு கணக்கிடுவதும், சத்து இறங்கிய பிள்ளையை அடுத்த சுற்றுக்குத் தேற்றுவதும், பள்ளியை விடாமல் வைத்திருப்பதும் குழந்தைகள் பிரிவின் அன்றாட வேலை. இடுப்பில் கதிர்வீச்சுக் கொடுக்க வேண்டிய பெண் பிள்ளைக்குச் சினைப்பையை முன்கூட்டியே மேலே நகர்த்தி வைக்க வேண்டுமா, பருவம் எய்திய பையனுக்கு விந்தணுவைச் சேமிக்க வேண்டுமா என்ற பேச்சையும் தொடக்கத்திலேயே எடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. கட்டில் எந்த வார்டில் இருந்தாலும் சரி, இரண்டு பிரிவினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தாளில் திட்டத்தை எழுத வேண்டும். அப்படி உட்காரும் வழக்கமுள்ள மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள் என்பதே ஐயாவின் முதல் கேள்விக்கு என் பதில்.

மாலை ஓ.பி. எழுதியது:

இதை ஏற்கிறேன். ஐயா கேட்க வேண்டிய இன்னொன்று: முதல் சுற்றுக்கு முன் டிபிடி குறைபாட்டுக்கான ரத்தப் பரிசோதனை. 5-ஃப்ளூரோயுராசிலைச் சிதைக்கும் அந்த நொதி குறைந்தவர்களுக்கு முதல் சுற்றே உயிருக்கு ஆபத்தாகலாம். ஐரோப்பாவில் 2020 முதல் இதை முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறார்கள்.

வைகைக்கரை எழுதியது:

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பிளாக்குகளைப் பெற்று மறுபடி பார்த்தார்கள். முத்திரை மோதிர வகை என்பது உறுதியாயிற்று. நான்கு புரதங்களும் இருக்கின்றன. எங்களுடையதும் உறவு மணம்தான், என் மனைவி என் மாமன் மகள். இருந்தாலும் அந்தக் குறைபாடு இல்லை. பெருங்குடலின் மற்றப் பகுதியில் பாலிப்புகள் என்னும் சிறு சதை வளர்ச்சிகளும் இல்லை. அவனோடு பிறந்த எங்கள் மகளுக்கு ஆபத்து இல்லையென்று முதலில் நிம்மதி அடைந்தோம். மகனுக்கு அந்த ஊசி பயன்படாது என்பது பிறகுதான் மனத்தில் இறங்கியது. அன்று இரவு என் அண்ணன் பேசவே இல்லை.

நேற்று இரண்டு பிரிவு மருத்துவர்களும் சேர்ந்து எங்களை உட்கார வைத்து, ஃபோல்ஃபாக்ஸ் பன்னிரண்டு சுற்று என்று எழுதிக் கொடுத்தார்கள். டிபிடி பரிசோதனை இயல்பு. செவ்வாய்க்கிழமை மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்னும் சிறு கருவியை வைக்கிறார்கள். மகனிடம் நோயின் பெயரை நானே சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்: கோடை விடுமுறையில் ஜிகர்தண்டா குடிக்கலாமா என்று. என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஸ்கார்பரோ வாசகி எழுதியது:

அண்ணா, ஆக்சாலிபிளாட்டின் ஏறிய பிறகு சில நாட்களுக்குக் குளிர்ந்த எதுவும் கூடாது. குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை இறுகி மூச்சு அடைப்பது போல ஓர் உணர்வு வரும். ஆபத்தில்லை என்றாலும் பிள்ளை மிகவும் பயந்துவிடுவான். ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டால் விரல்களில் மின்சாரம் பாய்வது போல இருக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இது தணியும். அடுத்த சுற்றுக்கு முந்தைய நாட்களில், விரல் மரத்திருக்கவில்லையென்றால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். சட்டைப் பொத்தானைப் போடுவதற்கோ பேனா பிடிப்பதற்கோ அவன் சிரமப்படுகிறானா என்று ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

வைகைக்கரை எழுதியது:

நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் அவனே பெயர் எழுதியிருக்கிறான். புதன்கிழமை முதல் சுற்று.